சிங்கப்பூரில் ஃபர்குவார்

1819 பிப்ரவரி 6ஆம் நாள் சிங்கப்பூர் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே ராஃபிள்ஸ் கப்பலேறிவிட்டார். புதிய துறைமுகத்தை உருவாக்கும் பொறுப்பு வில்லியம் ஃபர்குவாரிடம் வந்தது. பல்லாண்டு மலாக்காவை நிர்வகித்த அவர் மலாய்மொழி அறிந்தவர். அவர் இங்கிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், டச்சுக்காரர்கள் தடுத்தும், மலாக்கா மக்கள் உணவுப்பொருள்களைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தனர்.

கப்பல்களிடம் தீர்வை வாங்கக்கூடாது என்பது ராஃபிள்ஸ் இட்ட கட்டளை. அதனால் வணிகர்கள் குவிந்தனர், கருவூலமோ காலி. காவலர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமா? ஃபர்குவார் சூதாட்டத்திற்கும் அபினி, சாராய விற்பனைக்கும் உரிமம் வழங்கிப் பணம் திரட்டினார். திரும்பி வந்த ராஃபிள்ஸுக்கு அதுவும் வேறு சிலவும் பிடிக்கவில்லை. 1823இல் ஃபர்குவார் பதவியிழந்தார். அவர் புறப்பட்ட அன்று பல இன மக்களும் கடற்கரையில் திரண்டு வழியனுப்பினர்.