அன்னை கஸ்தூரிபாவின் சிறை நாட்கள்

மாதுங்காவில் வாழும் நம்மவர் மாலை வேளையில் உலவிவரும் சிவாஜி பார்க் மைதானத்தில் 1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் மாலை ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. விடியற்காலையிலேயே காந்தியடிகள் கைதாகிவிட்டபடியால், அவருக்குப் பதிலாகத் தாமே பேசுவதென்று துணிந்தார் கஸ்தூரிபா. வயதோ எழுபத்து மூன்று. பேச விடுவார்களா? புறப்படுமுன்பே கைது செய்து ஆர்தர் ரோடு சிறைக்குக் கொண்டு போனார்கள். அங்கே வயிற்றுப்போக்கால் துவண்ட அன்னையைக் கவனித்துக்கொண்டவர் டாக்டர் சுசீலா நய்யார். அவரும் அன்னையோடு கைதானவர்தாம்!

1869இல் போர்பந்தரில் பிறந்த அன்னைக்குச் சிறை புதிதன்று. கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லாவென்று தென்னாப்பிரிக்காவில் தீர்ப்பானபோது, 1913இல் மற்றப் பெண்களோடு போராடி மூன்று மாதக் கடுங்காவல் ஏற்றார். மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து எலும்பும் தோலுமாகத்தான் வெளிவந்தார். அதே சிறையில் சுரம் கண்டு, விடுதலையான சில நாளில் மறைந்தவள் நம் தில்லையாடி வள்ளியம்மை. அது 1914 பிப்ரவரி 22.

ஆர்தர் ரோட்டிலிருந்து இரண்டொரு நாளில் அன்னையைப் பூனாவிலுள்ள ஆகாகான் மாளிகைக்கு மாற்றினார்கள். மாளிகைதான், ஆனால் சுற்றிலும் முள்வேலி, காவல். ஒரு வாரத்துக்குள் மகாதேவ தேசாய் அங்கே மாண்டதைக் கண்ணால் கண்டார். பிறகு மார்ச்சளியும் இருதய நோயும் அவரை வாட்டின. டாக்டர்களுக்குக் குறைவில்லை. பம்பாயின் புகழ்பெற்ற இருதய வைத்தியரான கில்டரும் கைதியாக அங்கேயே இருந்தார். ஆனால் அன்னை விரும்பியது ஆயுர்வேத சிகிச்சையும், இயற்கை வைத்தியர் தின்ஷா மேத்தாவின் பராமரிப்பும். இதற்காகச் சர்க்காருக்குக் கடிதத்தின் மேல் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அனுமதி கிடைத்தபோது நோய் முற்றிவிட்டது. வந்த வைத்தியர் சிவ சர்மாவையோ இரவில் உள்ளே தங்க விடவில்லை. அவர் வாசலுக்கு வெளியே தம் காரில் படுத்துக் கிடந்தார். நோயாளி திணறுவதோ இரவில்! காந்தியடிகள் கண்டித்து எழுதிய பிறகே அந்தத் தடை நீங்கியது.

மைந்தர் தேவதாஸ் பெனிசிலின் மருந்தை வரவழைத்தார். சில மணிக்கொரு முறை ஊசி குத்தவேண்டும் என்றறிந்த காந்தியடிகள், இறுதி வேளையில் அவ்வேதனை வேண்டாமென்று தடுத்துவிட்டார். 1944 பிப்ரவரி 22ஆம் நாள் மாலை கணவரின் மடியில் அன்னையின் உயிர் பிரிந்தது. வள்ளியம்மை மறைந்ததும் அதே தேதியில்தான்!

உடலை வெளியே கொண்டுசென்று பொதுமக்கள் முன்னிலையில் தகனம் செய்யச் சர்க்கார் இணங்கவில்லை. மாளிகைத் தோட்டத்தில், மகாதேவ தேசாயை எரித்த இடத்துக்கு அருகிலேயே சிதை மூட்டப்பட்டது. அடுத்த மாதம் லண்டன் பாராளுமன்றத்தில், அவருக்கு வேண்டிய வைத்திய உதவியெல்லாம் அளிக்கப்பட்டதென்று ஆட்சியாளர் அறிவித்தார்கள்.