ஆசிரியை மேரி கியூரி அம்மையார்

ரேடியம் என்றதும் மேரி கியூரி அம்மையாரின் பெயர் நம் நினைவுக்கு வரும். இருமுறை நோபல் பரிசு பெற்றவர் என்பதையும் நாம் படித்திருக்கிறோம். ஆனால் அவர் பல ஆண்டுகள் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இயற்பியல் கற்றுக்கொடுத்த ஆசிரியை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கோ அந்த ஆசிரியையைத்தான் மிகவும் பிடித்திருக்கிறது.

போலந்து நாட்டின் வார்சா நகரில் 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா என்பது இயற்பெயர். தந்தை கணிதமும் இயற்பியலும் போதித்தவர். தாய் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியை நடத்தியவர். அந்நாளில் வார்சா ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. போலந்துப் பிள்ளைகளின் பள்ளிகளில் சோதனை செய்து காட்டிப் பாடம் நடத்துவதையே ஆட்சியாளர்கள் நிறுத்திவிட்டனர். வேலையற்றுப்போன கருவிகளைத் தந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடி அலமாரியில் வைத்தார். சிறு தராசு, கண்ணாடிக் குழாய்கள், தங்க இலை மின்காட்டி எல்லாம் அதில் இருந்தன. சிறுமி மரியா அதன் முன் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாராம்.

பத்து வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். மூத்த தமக்கை அதற்கு முன்பே காய்ச்சலில் இறந்திருந்தார். தாய் பக்தி மிகுந்த கத்தோலிக்கப் பெண்மணி. ஆயினும் இந்த இரண்டு மரணங்களுக்குப் பின் மரியாவின் மனம் விசுவாசத்திலிருந்து விலகிப்போயிற்று. நம் ஆண்டு மலரில் இதை விட்டுவிட்டு எழுதலாமா என்று யோசித்தேன். ஒருவர் வாழ்க்கையைச் சொல்ல வந்தால் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்!

15 வயதில் தங்கப் பதக்கத்தோடு பள்ளிப் படிப்பை முடித்தார். இதை எழுதும் என் வயதும் அதுவே. ஆனால் வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. தமக்கை ப்ரோனியா பாரிசில் மருத்துவம் படிக்கட்டும், தாம் சம்பாதித்துப் பணம் அனுப்புவது, பிறகு தமக்கை தமக்கு உதவுவது என்று இருவரும் பேசி முடிவு செய்தனர். கிராமத்து வீடு ஒன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலையில் மரியா சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் அவ்வூர்க் குடியானவர்களின் குழந்தைகளுக்கும் போலிஷ் மொழி எழுதப் படிக்கக் கற்பித்தார். அரசுக்குத் தெரிந்திருந்தால் தண்டனைதான். பின்னர் வார்சா திரும்பி, உறவினர் ஒருவர் பொறுப்பில் இருந்த சிறு ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகத் தம் கையால் சோதனைகள் செய்தார். அப்போது அவருக்கு வயது 23 இருக்கும். அலமாரிக்கு முன் நின்ற சிறுமி எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது!

1891இல் பாரிஸ் சென்றார். 1893இல் இயற்பியல் பட்டத் தேர்வில் முதலிடம் பெற்றார். 1895இல் பியேர் கியூரியை மணந்தார். 1898இல் இருவரும் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்ததும், ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கில் தாதுவைக் காய்ச்சியதும் யாவரும் அறிந்த கதை.

அந்த உழைப்பின் நடுவில்தான், 1900இல், செவ்ர் என்னும் ஊரில் பெண் ஆசிரியைகளுக்கான கல்லூரியில் வேலை ஏற்றார். அங்கே சோதனைகளைப் பாடத்தில் சேர்த்து, மாணவியரைத் தாமே செய்து பார்க்கும்படி பழக்கினார்.

1906 ஏப்ரலில் பியேர் குதிரை வண்டியில் அகப்பட்டு உயிரிழந்தார். அவர் வகித்த பணி அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. நவம்பரில் சோர்போன் பல்கலைக்கழகத்தின் வகுப்பறை நிரம்பி வழிந்தது. கணவரைப் பற்றி ஏதேனும் உருக்கமாகப் பேசுவார் என்று வந்தவர்கள் எதிர்பார்த்தனர். அவரோ, கணவர் எந்த இடத்தில் பாடத்தை நிறுத்தியிருந்தாரோ அதே இடத்திலிருந்து தொடங்கினார்.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மூத்த மகள் ஐரீனைப் பள்ளியில் நாள் முழுதும் அடைத்து வைக்க அவருக்கு மனமில்லை. பேராசிரியர்களான நண்பர்கள் சேர்ந்து தங்கள் குழந்தைகளுக்குத் தாங்களே பாடம் நடத்தினர். ழான் பெரன் வேதியியல், லாஞ்செவான் கணிதம், கியூரி அம்மையார் இயற்பியல். சைக்கிளின் பால்ரஸ் குண்டை மையில் தோய்த்துச் சாய்ந்த பலகையில் விடச் செய்தார். அது போன தடம் பரவளையமாகப் பதிந்தது. விழும் பொருளின் விதியைக் குழந்தைகள் கண்ணாலேயே கண்டார்கள். நானும் சைக்கிள் கடையில் ஒரு குண்டு வாங்கிச் செய்து பார்த்தேன். முதலில் மை கொட்டி அம்மாவிடம் திட்டு வாங்கினேன். குண்டை நேராகக் கீழே விடாமல் பக்கவாட்டில் மெல்லத் தள்ளியபோது வளைகோடு அழகாக விழுந்தது.

இன்னொரு நாள், சூடான திரவம் ஆறாமலிருக்க என்ன செய்யலாம் என்று கேட்டாராம். கம்பளியில் சுற்றலாம், வெப்பம் கடத்தாத பொருளால் மூடலாம் என்று குழந்தைகள் பெரிய பெரிய யோசனைகளைச் சொன்னார்கள். அம்மையார் சிரித்து, தாமாக இருந்தால் முதலில் பாத்திரத்துக்கு மூடி போடுவேன் என்றாராம்!

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. எக்ஸ் கதிர்கள் சதையை ஊடுருவும்; எலும்பும் துப்பாக்கிக் குண்டும் நிழலாகத் தெரியும். ஆனால் கருவியோ நகர மருத்துவமனைகளில், காயம்பட்டவர்களோ போர்முனையில். அம்மையார் மோட்டார் வண்டிகளில் கருவியை ஏற்றி, அதற்கு வேண்டிய மின்சாரத்தை ஒரு டைனமோவால் உண்டாக்கும்படி அமைத்தார். தாமே காரோட்டக் கற்றார். ஏறத்தாழ 20 வண்டிகளும், மருத்துவமனைகளில் 200 நிலையங்களும் அவர் முயற்சியால் அமைந்தன. இயக்குவதற்கு ஆள் வேண்டுமே? மின்சாரம், கதிர்கள், உடற்கூறு ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்து சுமார் 150 பெண்களைப் பயிற்றுவித்தார். பதினெட்டு வயதுகூட நிரம்பாத ஐரீன், போரின் தொடக்கத்திலேயே தாயுடன் இப்பணியில் இறங்கிவிட்டார். 1935இல் இவரும் நோபல் பரிசு பெற்றார்.

அதைக் காண அம்மையார் இல்லை. கதிரியக்கத்தால் விளைந்த இரத்தசோகை 1934 ஜூலை 4ஆம் நாள் அவர் உயிரைப் பறித்தது. அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகளில் கதிரியக்கம் இன்னும் தணியாததால், அவற்றை ஈயப் பெட்டிகளில் வைத்துக் காக்கிறார்கள். ஆனால் 1907இல் அவரிடம் படித்த இஸபெல் ஷவான் என்ற சிறுமி அன்றன்று எழுதி வைத்த பாடக் குறிப்புகள் 2003இல் நூலாக வெளிவந்தன. யாரும் அதைப் புரட்டிப் பார்க்கலாம். காலியாகத் தோன்றும் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியோடு, காற்றைப் பற்றிய பாடத்தில் அது தொடங்குகிறது.