பாதியில் நின்றவர் நடத்திய கல்லூரி

திருப்பூரிலிருந்து கோவைக்கு பஸ் ஏறி, ஹோப் காலேஜுக்கு ஒண்ணு என்று டிக்கெட் கேட்கும் தம்பிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் கதை தெரியும்? 1945-இல் தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிதான் பின்னாளில் நமது அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. ஹோப், அந்நாளைய சென்னை கவர்னர். முதல் பிரின்சிபால் ஜி.டி. நாயுடு.

1893-இல் கலங்கலில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியிலேயே விட்டவர். ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் அக்கக்காகக் கழற்றிப் பூட்டிப் பார்த்தார். நம்ம திருப்பூரில் பருத்தியில் சம்பாதித்ததைப் பம்பாயில் தொலைத்தார். 1920-இல் ஒற்றை பஸ், பொள்ளாச்சி-பழனி, டிரைவரும் அவரே.

கல்லூரியில்தான் முட்டிக்கொண்டது. இன்ஜினியரிங் படிப்புக்கு நாலு வருஷம் எதற்கு, இரண்டு போதுமே என்பது அவர் கட்சி. சர்க்கார் சம்மதிக்கவில்லை. பதவியைத் துறந்தார். 1974-இல் மறைந்தார்.

நாலு வருஷமும் போதாமல் அரியர் எழுதின நம்மவர்களுக்கு இது வேடிக்கையாகப் படலாம். ஆனால் டிகிரியோடு பனியன் கம்பெனிக்குள் நுழைந்த முதல் நாள், நின்றுபோன நிட்டிங் மெஷினை யாரிடம் கேட்டு ஓட வைத்தோம்? பள்ளிக்கூடமே போகாத ஃபிட்டர் அண்ணனிடம்தானே!