பல குரல், ஒரு பாட்டு

ஒருவர் பாட, மற்றவர் அமர்ந்து கேட்பதே நம் இசையரங்குகளின் வழக்கம். கேட்டுக்கொண்டிருந்தவர்களையும் எழுப்பிப் பாட வைத்தவர் எம். பி. சீனிவாசன். மக்கள் இவரை எம்.பி.எஸ். என்று அன்புடன் அழைத்தனர்.

இவர் 1925-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது பொதுவுடைமைக் கருத்துகளால் ஈர்க்கப்பட்டார். பின்னர் இந்திய மக்கள் நாடக மன்றத்தில் இணைந்து பணியாற்றினார். உழைக்கும் மக்களின் துயரையும் நம்பிக்கையையும் பாடலாக்கி, அவர்களிடமே கொண்டு சேர்த்தது அம்மன்றம். விடுதலைப் போராட்ட வீரர் சைபுதீன் கிச்லுவின் மகள் சாகிதாவை இவர் மணந்தார். மொழியும் மதமும் அவர்களுக்குத் தடையாகவில்லை.

1960-இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' என்னும் தமிழ்த் திரைப்படத்துக்கு இவர் இசையமைத்தார். மலையாளத்தில் 'கால்பாடுகள்' படத்தின் வழியாக யேசுதாசைத் திரைப்படப் பாடகராக அறிமுகப்படுத்தினார். அக்காலத்தில், திரைப்படங்களுக்கு இசைக்கருவி வாசித்த கலைஞர்களின் உழைப்புக்கு உரிய பாதுகாப்பு இல்லை. இசையமைப்பாளராகத் தமக்குக் கிடைத்த பெயரோடு அமைதி கொள்ளாமல், எம்.பி.எஸ். அவர்களை ஒன்றுதிரட்டிச் சங்கம் அமைத்தார்.

1970-களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். இசையைத் தொழிலாகக் கொள்ளாத இளைஞர்களும் அதில் பாடினர். சேர்ந்திசை என்பது எல்லாரும் ஒரே குரலில் பாடுவது மட்டுமன்று. ஒரு பிரிவினர் மேல் சுரத்திலும் மற்றொரு பிரிவினர் கீழ்ச் சுரத்திலும் ஒரே நேரத்தில் பாடுவர். தன் குரலை உயர்த்துவதற்கு முன் பக்கத்தில் நிற்பவரின் குரலை ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். ஒருவர் முந்தினாலும் பாட்டு சிதையும். குழுவை நெறிப்படுத்துபவரின் கையசைவே எல்லாரையும் இணைக்கும். பாரதியாரின் பாடல்களை எம்.பி.எஸ். இம்முறையில் அமைத்தார். பிற இந்திய மொழிப் பாடல்களையும் குழுவினருக்குக் கற்பித்தார்.

நம் அபர்டீன் பஜாரில் தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம், இந்தி ஆகிய மொழிகள் அடுத்தடுத்துச் செவியில் விழுகின்றன. இத்தகைய பன்மொழிச் சூழலில், அயலாரின் மொழியில் ஒரு பாட்டைப் பிழையின்றிப் பாடுவது அவரை மதிப்பதாகும். இதனைப் பிள்ளைப் பருவத்திலேயே பழக வேண்டும் என எம்.பி.எஸ். விரும்பினார். ஆகவே, பள்ளிகளில் கூட்டாகப் பாடும் முறை பரவ ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். காலை வழிபாட்டில் மாணவர் பல மொழிப் பாடல்களைப் பாடும் வழக்கம் வேரூன்ற உழைத்தவர்களுள் இவரும் ஒருவர்.

1988 மார்ச் 9-ஆம் நாள் லட்சத்தீவில் எம்.பி.எஸ். காலமானார். அவரிடம் பயின்றவர்கள் சேர்ந்திசைக் குழுவைத் தொடர்ந்து நடத்தினர். தலைவர் மறைந்த பின்னும் பாட்டு நிற்கவில்லை.

பயிற்சி

1. இசைக்கலைஞர்களுக்காக எம்.பி.எஸ். செய்த பணி யாது?
2. சேர்ந்திசையில் பாடுபவர் பிறர் குரலைக் கேட்க வேண்டியது ஏன்?
3. உம் வகுப்புத் தோழர் ஒருவரின் தாய்மொழிப் பாடலைக் கேட்டறிந்து, அதன் பொருளைத் தமிழில் ஐந்து வரிகளில் எழுதுக.