ஆல்டோ லியோபோல்டும் மார்ச்சுத் திங்கள் வாத்துகளும்

இயற்கையைப் பாடுவோருக்குக் கணக்கு எதற்கு என்று கேட்பார் உளர். அமெரிக்க இயற்கை அறிஞர் ஆல்டோ லியோபோல்டின் வாழ்க்கை அவ்வினாவிற்குத் தக்க விடை தருகின்றது.

1887ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், ஐயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரை நகரான பர்லிங்டனில் அவர் பிறந்தார். தந்தையார் கார்ல் வேட்டையில் வல்லவர். எனினும் நீர்ப்பறவைகள் இனம்பெருக்க வடதிசை ஏகும் இளவேனிலில் அவற்றைச் சுடுவதைச் சட்டம் வருமுன்னரே கைவிட்டவர். அவ்வறம் மைந்தர் நெஞ்சில் விதையாய் விழுந்தது.

யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்ற லியோபோல்ட் 1909இல் வனத்துறையிற் சேர்ந்தார். 1933இல் விசுகான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1935இல், விசுகான்சின் ஆற்றின் அருகே வளமிழந்து கைவிடப்பட்ட பண்ணை நிலம் ஒன்றை வாங்கினார். அங்கிருந்த கோழிக்கொட்டிலே வார இறுதிக் குடிலாயிற்று. மனைவி எசுடெல்லாவும் மக்கள் ஐவரும் உடனுழைக்க, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பைன் கன்றுகளை நட்டார். தொடக்கத்தில் நட்டவற்றுட் பெரும்பாலானவை வறட்சியில் மடிந்தன. மறு ஆண்டும் நட்டார்.

மார்ச்சுத் திங்களில் பனிக்கட்டி உருகத் தொடங்கியதும் தெற்கிலிருந்து கனடா வாத்துகள் வரும். இலையுதிர் காலத்தில் வேட்டைக்கு அஞ்சி உயரப் பறந்தவை, இளவேனிலில் அச்சமின்றிச் சதுப்பில் இறங்கும். அறுவடை முடிந்த சோள வயல்களில் சிந்திய மணிகளை மேயும். வைகறைக்கு முன்பே எழுந்து, குறிப்பேட்டுடன் குடில்முன் அமர்ந்து, எப்பறவை எப்போது குரல் எழுப்பிற்று என்று பதிவது அவர் வழக்கம்.

கூட்டம் சேராது ஒற்றையாய்க் கூவித் திரியும் வாத்துகள் அவர் உள்ளத்தை வருத்தின. துணையிழந்த துயரக் குரலோ அது என்று முதலில் எண்ணினார். அது கற்பனையாகவும் இருக்கலாம் என்று ஐயுற்றார். ஆகவே மாணவரோடு ஆறாண்டுகள் கூட்டங்களை எண்ணினார். ஆறு வாத்துகள், அல்லது ஆறின் மடங்குகள் கொண்ட கூட்டங்களே தற்செயலுக்கு மிஞ்சிய அளவில் காணப்பட்டன. கூட்டங்கள் குடும்பங்களே என்றும், ஒற்றை வாத்துகள் குளிர்கால வேட்டையில் உறவிழந்தவையாக இருக்கக்கூடும் என்றும் அவர் தெளிந்தார். இறுதிவரை துப்பாக்கி ஏந்தியவர் அவர். அத்தெளிவு அவரையும் சுட்டியிருக்க வேண்டும்.

1948 ஏப்பிரலில் அவரது கட்டுரை நூலை ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் ஏற்றது. ஒரு வாரம் கழித்து, 21ஆம் நாள், அண்டை நிலத்தில் பரவிய புல்தீயை அணைக்கச் சென்றவர் மாரடைப்பால் காலமானார். அகவை 61. மறு ஆண்டு வெளிவந்த அந்நூல் உலகெங்கும் பரவியது.

உணர்ச்சி ஐயத்தை எழுப்பிற்று. எண்ணிக்கை அதற்கு உறுதி தந்தது. பறவையைப் பாட விழையும் கவிஞர் முதலில் அதனைப் பொறுமையுடன் நோக்கக் கற்றல் வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.