கன்னங்கரா திறந்த கதவு

1884 இல் அம்பலாங்கொடைக்கு அருகே பிறந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா, புலமைப்பரிசில் கிடைத்ததாலேயே காலி ரிச்மண்ட் கல்லூரியில் பயின்று சட்டத்தரணியானார். தனக்கு வாய்ப்பாக வந்ததை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமையாக்க விரும்பினார். 1931 இல் கல்வி அமைச்சரானார். கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது என உணர்ந்து, நகரங்களுக்கு வெளியே மத்திய கல்லூரிகளை அமைத்தார். கடும் எதிர்ப்பைக் கடந்து 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1947 தேர்தலில் தோற்ற அவர், 1969 இல் மறைந்தார்.

இன்று பல்கலைக்கழக இடங்கள் குறைவு. பல பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் எமது புத்தளம் உட்பட பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. இது சலுகை என்போர் உண்டு. தூரத்தில் நிற்பவருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதும் நீதியே என்பதை அவர் வாழ்விலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன்.