நூறு ரூபாய்க்கு ஒரு காசு

கல்லூரியில் பயிலும் என் பேத்தி அண்மையில் முகப்பூச்சுத் தூள் ஒன்றை வாங்கி வந்தாள். கனிமங்களால் ஆனது, விலையும் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகக் கூடியதே. பெட்டியின் ஓரத்தில் தாவும் முயலின் உருவம் ஒன்று சிறிதாக அச்சிடப்பட்டிருந்தது. விலங்குகளைத் துன்புறுத்திச் சோதிக்காமல் தயாரிக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. அது ஏன் முயலாக இருக்க வேண்டும், பூனையாகவோ நாயாகவோ இருக்கக் கூடாதா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லப் புகுந்தால், நியூயார்க் நகரின் பள்ளி ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும். அவர் பெயர் ஹென்றி ஸ்பைரா.

1927-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஸ்பைரா. ஐரோப்பாவை நாஜிகளின் நிழல் சூழ்ந்த ஆண்டுகளில் அவரது குடும்பம் பனாமாவுக்குப் பெயர்ந்தது; 1940-இல் நியூயார்க்கை அடைந்தது. இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறி, வணிகக் கப்பல்களில் மாலுமியானார். இடதுசாரிக் கருத்துகளுக்காகச் சில காலம் அவருக்குக் கப்பல் வேலை மறுக்கப்பட்டது. பின்னர் நியூஜெர்சியில் மோட்டார் வாகன ஆலைத் தொழிலாளியாக உழைத்தார். கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்தைப் பற்றித் தொழிலாளர் இதழ்களில் எழுதினார். தம் சொந்தத் தொழிற்சங்கத்தின் ஊழலையும் எதிர்த்து நின்றார். 1966-இல் நியூயார்க்கின் அரசுப் பள்ளியொன்றில் ஆசிரியரானார். வலிமையற்றோர் பக்கம் நிற்பது ஒன்றே இவ்வளவு திருப்பங்களுக்கும் நடுவே அறுபடாத இழையாக ஓடியது.

அவருடைய நாற்பதுகளின் நடுவில் அந்த இழை எதிர்பாராத இடத்துக்கு நீண்டது. நண்பர் ஒருவர் தம் பூனையை அவரிடம் விட்டுச் சென்றார். அதே காலத்தில், 1973-இல், விலங்குகளின் உரிமை குறித்து மெய்யியலாளர் பீட்டர் சிங்கர் எழுதிய கட்டுரை அவர் பார்வையில் பட்டது. அடுத்த ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சிங்கர் நடத்திய மாலை வகுப்பில் மாணவராகச் சேர்ந்தார். வகுப்பு முடிந்ததும் பலரும் வீடு திரும்புவர். ஸ்பைராவோ இனிச் செய்ய வேண்டியது என்ன என்று சக மாணவர் சிலரைக் கூட்டிப் பேசத் தொடங்கினார்.

முதற்களம் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அங்கே பூனைகளின் புலன்களையும் மூளையையும் சிதைத்து, அவற்றின் பாலியல் நடத்தையை ஆராய்ந்து வந்தனர். தகவல் அறியும் சட்டத்தின் வழியே ஆவணங்களைப் பெற்ற ஸ்பைரா, 1976-இல் அருங்காட்சியகத்தின் வாயிலில் வாரந்தோறும் மறியல் நடத்தினார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் அந்த ஆய்வுகள் நிறுத்தப்பட்டன.

அடுத்து அவர் கை வைத்தது அழகுசாதனத் தொழில். இங்கேதான் முயல் வருகிறது. 1930-களில் அமெரிக்காவில் விற்கப்பட்ட கண்ணிமைச் சாயம் ஒன்று பெண்கள் சிலரின் பார்வையைப் பறித்தது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. அந்த அதிர்ச்சி, 1938-இல் ஒப்பனைப் பொருள்களை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த சட்டத்துக்கு ஒரு காரணம். 1944-இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்துத் துறையைச் சேர்ந்த ஜான் டிரெய்ஸ் ஒரு சோதனை முறையை வகுத்தார். வெள்ளை முயலை அசையாதவாறு பிடித்துவைத்து, அதன் ஒரு கண்ணில் சோதிக்க வேண்டிய பொருளை இடுவர். புண், வீக்கம், பார்வை மங்கல் ஆகியவற்றைப் பல நாள்கள் பார்த்து மதிப்பெண் இடுவர். முயலின் கண் எளிதில் நீர் சுரந்து பொருளைக் கழுவிவிடாது. வெண்ணிற முயலின் கண்ணில் சிவப்பு தெளிவாகத் தெரியும். முயல் சாதுவான பிராணி, விலையும் குறைவு. இந்த வசதிகளே அதற்கு வினையாயின.

பெண்களைக் காப்பதற்காகத் தோன்றிய சோதனை, நாளடைவில் ஒவ்வொரு புதிய ஷாம்புக்கும் கண்மைக்கும் முயல்களைப் பலியிடும் வழக்கமாக உறைந்துபோனது. ஸ்பைரா எழுப்பிய கேள்வி எளியது. உயிர்காக்கும் மருந்துக்காக ஒரு விலங்கு துன்புறுவதைப் பற்றி இருவேறு கருத்துகள் இருக்கலாம். இன்னுமோர் உதட்டுச் சாயத்துக்காக அது குருடாக வேண்டுமா?

அவர் ரெவ்லான் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார். முயல்களைச் சோதித்தது அந்த நிறுவனம் மட்டுமன்று. ஆனால், அழகு என்ற சொல்லோடு பிணைந்த புகழ்பெற்ற பெயர் அது. அழகை விற்பவருக்கு அருவருப்பான பிம்பத்தைப் போல் இழப்புத் தருவது வேறில்லை. ஆயினும், அவர் எடுத்த எடுப்பில் தெருவில் இறங்கவில்லை. முதலில் நிறுவனத்தாரிடம் பேசினார். சோதனையை உடனே நிறுத்துங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. மொத்த விற்பனை வருவாயில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை, அதாவது நம் கணக்கில் நூறு ரூபாய்க்கு ஒரு காசை, மாற்றுச் சோதனை முறைகளைக் கண்டறியும் ஆராய்ச்சிக்கு ஒதுக்குங்கள் என்றார்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்தக் கோரிக்கையின் நுட்பம் என்னைப் பல முறை வியக்க வைத்திருக்கிறது. ஒரு பொருளின் உற்பத்தியால் விளையும் கேடு, அதை வாங்குபவரையும் விற்பவரையும் விட்டுவிட்டு மூன்றாம் தரப்பின் மீது விழுவதைப் புறவிளைவு என்கிறோம். முயலின் வலி எந்த நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கிலும் ஏறியதில்லை. அதைக் கணக்கில் ஏற்ற எவ்வளவு செலவாகும் என்பதை ஸ்பைரா எண்ணாகச் சொன்னார். அந்த எண் மிகச் சிறியதாக இருந்ததால், விலை உயர்ந்துவிடும், ஏழை நுகர்வோர் பாதிக்கப்படுவர் என்ற வழக்கமான மறுமொழிக்கு இடமில்லாமற் போயிற்று.

ஓராண்டுக்கு மேல் பேசியும் பயனில்லை. 1980 ஏப்ரல் 15 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளிவந்தது. அழகின் பொருட்டு ரெவ்லான் எத்தனை முயல்களின் கண்ணைப் பறிக்கிறது என்று அது வினவியது. நானூறுக்கும் மேற்பட்ட அமைப்புகள் அவருடைய கூட்டணியில் இணைந்தன. அடுத்த மாதம், முயல் வேடமிட்ட போராட்டக்காரர்கள் அந்நிறுவனத்தின் அலுவலகத்துக்கு முன் திரண்டனர். ஆண்டு முடிவதற்குள் ரெவ்லான் இணங்கியது. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மாற்று முறை ஆராய்ச்சிக்காக மூன்று ஆண்டுகளில் 7,50,000 டாலர் வழங்க முன்வந்தது. ஏவான் நிறுவனமும் பின்தொடர்ந்தது. 1981-இல் அழகுசாதனத் தொழிற்கூட்டமைப்பின் 10 லட்சம் டாலர் நல்கையோடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாற்றுச் சோதனைகளுக்கான மையம் தொடங்கப்பட்டது. 1989-இல் ரெவ்லானும் ஏவானும் விலங்குச் சோதனையைக் கைவிடுவதாக அறிவித்தன.

வென்ற பின் ஸ்பைரா எதிராளியை இகழவில்லை. ரெவ்லான் நல்ல முன்மாதிரியைக் காட்டியதாக வெளிப்படையாகப் பாராட்டினார். கொடுமை செய்வோரோடு கைகுலுக்குகிறார் என்று விலங்குரிமை இயக்கத்தவர் சிலரே அவரைச் சாடியதுண்டு. முழுமையான விடுதலையைக் கோரிக் காத்திருப்பதை விட, இன்று கூண்டில் இருக்கும் முயலின் வலியை ஓரளவேனும் குறைப்பதே கடமை என்பது அவர் நிலை. பின்னாள்களில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் கோழி, மாடு ஆகியவற்றின் துயரை நோக்கித் திரும்பினார். மாடுகளின் முகத்தில் சூடிடும் வழக்கத்தை அமெரிக்க வேளாண் துறை கைவிட்டதில் அவருக்குப் பங்குண்டு. பெரிய அலுவலகமோ ஊழியர் படையோ இல்லாமல், நியூயார்க்கின் வாடகை வீட்டிலிருந்தே இவ்வளவும் செய்தார். 1998 செப்டம்பரில் புற்றுநோயால் மறைந்தபோது அவருக்கு வயது 71.

அவர் விதைத்தது அவருக்குப் பின்னும் விளைந்தது. மனித உயிரணுக்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த திசுவில், ஒரு பொருள் கண்ணை உறுத்துமா என்று இன்று சோதிக்க முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் விலங்குகளில் சோதித்த ஒப்பனைப் பொருள்களின் விற்பனையை 2013-இல் முழுமையாகத் தடை செய்தது. 2014-இல் இந்தியாவும் அத்தகைய சோதனைகளையும், அவ்வாறு சோதித்த பொருள்களின் இறக்குமதியையும் தடை செய்தது. முன்பு செல்வர்களின் மனச்சான்றுக்கு மட்டுமே எட்டக்கூடியதாக இருந்த பொருள், இன்று எளிய மாணவியின் கைக்கும் எட்டுகிறது.

எனினும், பேத்தியின் பெட்டியில் முயலின் உருவம் சொல்லாத செய்தி ஒன்றும் உண்டு. முகப்பூச்சுக்கு மினுமினுப்பைத் தருவது மைக்கா என்னும் அபிரகம். அது தோண்டப்படும் ஜார்க்கண்ட், பிகார் மாநிலங்களின் பள்ளங்களில் குழந்தைகள் உழைப்பது பல முறை வெளிச்சத்துக்கு வந்துள்ளது. முயலின் வலியைக் கணக்கில் ஏற்றிய நாம், அந்தக் குழந்தையின் வலியை இன்னும் ஏற்றவில்லை. அதை நீக்க எவ்வளவு செலவாகும், விற்பனையில் எத்தனை காசு என்று கேட்க, கையில் ஓர் எண்ணோடும் நெஞ்சில் தளராத பொறுமையோடும் இன்னொரு பள்ளி ஆசிரியர் வர வேண்டும் என்பதில்லை. அந்தக் கேள்வியை வாங்குகிற நாமே கேட்கலாம்.